மறைத்துப் பார்த்தவர்

வரன் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் போட்டோவைப் பெரிதாக்கச் சொல்வார்கள். அவர் ஒருவர்தான் மறைக்கச் சொன்னார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். திருமணத் தகவல் இணையதளத்தில் நான் ஒரு பெண்ணின் படத்தைத் திறந்து, அவருடைய கம்பெனி அடையாள அட்டையை அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே குறுக்காக வைத்து, இன்னொரு கையால் நெற்றியையும் தலைமுடியையும் மூட வேண்டும். "வெச்சாச்சு சார்" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார். திரையில் இரண்டு கண்கள் மட்டும் இருக்கும். ஐந்தாறு விநாடி பார்ப்பார். "இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். நான் அடுத்த பெண்ணுக்குப் போக வேண்டும்.

இந்தக் கூத்தை முதன்முதலில் பார்த்த யாரும் எங்கள் இருவரில் ஒருவருக்காவது பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். முதல் வாரம் எனக்கே அப்படித்தான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் என் பெரியப்பா மகன் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்று நினைவு. மூன்று கம்ப்யூட்டர், நடுவே பிளைவுட் தடுப்பு, மேலே எந்நேரமும் லொடலொடவென்று சத்தம் போடும் ஒரு ஃபேன். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், வரன் பதிவு என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தோம். பிளஸ் டூ முடித்து ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த மிதப்பில் நான்தான் அங்கே எல்லாம். வருகிறவர்களை அதட்டுவேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அது பொய்யான பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டே இருந்த காலம். தெற்கேயிருந்து வந்து, ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருந்த பையன்கள் அன்றைக்குத்தான் துணி துவைத்து, முடி வெட்டி, இங்கே வந்து மெயில் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், தன் முறை வரும்வரை சுவரோரமாக நின்று, பிறகு "மேடம், உள்ள வரலாமா" என்று கேட்டார். என் வாழ்க்கையில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கம்பெனியில் யாரைப் பார்த்தாலும் சார், மேடம் என்று சொல்லிப் பழகிய வாய்.

இருபத்தேழு வயது இருக்கும். விளாத்திகுளம் பக்கம் ஊர். கறுத்த, ஒல்லியான உடம்பு. சட்டையை எப்போதும் உள்ளே விட்டிருப்பார். செல்போனுக்கு உள்ளே போகும் சர்க்யூட் பலகைகளைச் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு பலகையையும் லென்ஸ் வழியே பார்த்து, நல்லது, கெட்டது என்று பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பார்ப்பாராம். அந்த வேலை அவருக்குள் என்னவோ செய்துவிட்டிருந்தது, அல்லது அவர் அப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் அந்த வேலையைக் கொடுத்தார்களோ தெரியவில்லை. எதையும் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டார். மணி என்ன என்று கேட்டால்கூட கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டு மேடம்" என்று சேர்த்துச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது பெரிய அதிசயம். நானெல்லாம் தெரியாததைத்தான் சத்தமாகச் சொல்வேன்.

முதல் நாளே சண்டை வந்தது. வரன் தேட வேண்டும் என்றார். "இன்னா ஜாதி சார்?" என்று கேட்டேன். அந்தத் தளத்தில் அதை நிரப்பாமல் ஒரு அடி நகர முடியாது.

"தெரியாது மேடம்."

"உங்க ஜாதி உங்களுக்குத் தெரியாதா?"

"என்னுது தெரியும். அவளோடது தெரியாது."

அவர் தேடிவந்தது ஏதோ ஒரு பெண்ணை அல்ல, ஒரே ஒரு பெண்ணை என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டு மாதம் ஒரே லைனில், அவருக்கு முந்தைய இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளாம். காண்டிராக்ட் முடிந்து அந்த பேட்ச் பெண்கள் மொத்தமும் ஒரே நாளில் வெளியே போய்விட்டார்கள். அன்றைக்கு அவருக்கு வேறு ஷிஃப்ட். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் புதுப் பெண். விலாசம் கேட்டதற்கு ஆபீஸில் திட்டி அனுப்பிவிட்டார்கள். அவளோடு ஹாஸ்டலில் இருந்த ஒரு தோழி ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் இரண்டே விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திருவண்ணாமலை மாவட்டம். அவளுடைய அண்ணன் இன்டர்நெட்டில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர் என் மாடிப்படி ஏறியிருந்தார்.

பெயர் தெரியும். ஆனால் அந்தத் தளத்தில் பெண்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். முகமாவது தெரியுமே என்றால் அதுவும் சரியாகத் தெரியாது. உள்ளே தூசி போகக் கூடாது என்று தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளைக் கோட்டு. எட்டு மாதமும் அவர் பார்த்தது கண்களை மட்டும்தான். லைன் நிற்கக் கூடாது என்பதால் சாப்பாட்டு நேரம் ஆளாளுக்கு வேறு. பெண்களுக்கு ஹாஸ்டல் பஸ், ஆண்களுக்கு வேறு பஸ். ஒரே ஒரு தடவை, தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று ஒத்திகை நடந்தபோது, எல்லோரும் வெயிலில் கால் மணி நேரம் நின்றார்களாம். அவள் தண்ணீர் குடிக்க மாஸ்க்கை இறக்கினாளாம்.

"அப்பப் பாத்தீங்கல்ல?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"பாத்துக்கிட்டே நின்னா தப்பா நினைப்பாளோன்னு குனிஞ்சிட்டேன் மேடம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு ஜாதியைக் குத்துமதிப்பாகப் போட்டுத் தேடலாம் என்று நான் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கெஸ் பண்ணக் கூடாதாம். தெரியாது என்று போடச் சொன்னார். அப்படி ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை என்றேன். அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்றார். திருவண்ணாமலை மாவட்டம், வயது இருபத்தொன்றிலிருந்து இருபத்து நான்கு. ஒவ்வொரு ஜாதியாக, ஒவ்வொரு பெண்ணாக. இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன.

கண்ணை மூடிக்கொள்வது எதற்கு என்று இரண்டாவது வாரம் கேட்டேன். முழுமுகத்தையும் முதலில் பார்த்துவிட்டால் மனசு தானாக ஆமாம் சொல்லிவிடும் என்றார். லைனிலும் அப்படித்தானாம். ஒரு பலகையைத் தூரத்தில் வைத்து நல்ல பலகை என்று நினைத்துவிட்டால் பிறகு லென்ஸில் குறை தெரியாது. சரி, இல்லை என்று தெரிந்த பிறகாவது அட்டையை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்றேன். "யார் வீட்டுப் பொண்ணோ, நாம எதுக்குப் பாக்கணும்" என்றார். அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை வந்த பையன்கள் அத்தனை பேரும் யார் வீட்டுப் பெண்களையோதான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு கொடுக்கிறார்கள், நானும் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

படங்களைத் திறக்க வேண்டுமென்றால் அவரும் உறுப்பினராகப் பதிய வேண்டும். நான்தான் டைப் அடித்தேன். நிறம் என்ற இடத்தில் நான் மாநிறம் என்று போட, "கறுப்புன்னு போடுங்க மேடம்" என்று திருத்தினார். வேலை என்ற இடத்தில் காண்டிராக்ட் என்பதையும் சேர்க்கச் சொன்னார். எந்த மாப்பிள்ளையும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. பெற்றோர் பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் சரியாகச் சொன்னார். மணமகள் பற்றிய எதிர்பார்ப்பு என்ற பெட்டி வந்ததும் அதைக் காலியாக விடச் சொன்னார். தளம் விடவில்லை. ஐம்பது எழுத்தாவது இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயம் நேரில் கேட்க வேண்டும்." எண்ணிப் பார்த்தேன், ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்தை முற்றுப்புள்ளிகளால் நிரப்பி ஏற்றினேன்.

அந்த ஒரு விஷயம் என்னவென்று சொல்ல அவருக்கு ஒரு மாதம் ஆனது. அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. பலகையில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற ஸ்டிக்கர். அவளுக்குச் சந்தேகம் வந்தால் ஒட்டி அனுப்புவாள், இவர் லென்ஸில் பார்த்து முடிவு சொல்வார். மூன்றாவது மாதத்திலிருந்து நல்ல பலகைகளிலும் அம்புக்குறி வர ஆரம்பித்ததாம். குறை எதுவும் இருக்காது. அம்புக்குறி பலகையின் ஓரத்தைத் தாண்டி, அவள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக இருக்கும். இவர் நிமிர்ந்து பார்த்தால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். உடனே குனிந்துகொள்வாள். ஒரு ஷிஃப்டுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு.

"அது எனக்கு ஒட்டுனதா, இல்ல போரடிச்சு சும்மா ஒட்டுனதான்னு கேக்கணும் மேடம். அது தெரிஞ்சாப் போதும்."

"இதுல கேக்க இன்னா கீது சார்? பச்சக் குழந்தைக்குக்கூடப் புரியும்" என்றேன்.

"அவ சொல்லலையே. நானா எப்படிச் சொல்லுதது?"

அந்தப் பெட்டிகளை நிரப்பி நிரப்பி எனக்கு அலுத்துப்போயிருந்தது. உயரம், நிறம், சம்பளம், கோத்திரம், செவ்வாய் தோஷம் உண்டா இல்லையா. அவளைப் பற்றி அந்தத் தளம் கேட்ட எதுவும் அவருக்குத் தெரியாது. இடதுகைக்காரி, ஏசி குளிர் தாங்காமல் தோளைக் குறுக்கிக்கொள்வாள், தூக்கம் வந்தால் கண்ணை வேகவேகமாகச் சிமிட்டுவாள். அவருக்குத் தெரிந்த இதையெல்லாம் தளம் கேட்கவே இல்லை. இது எப்படி ஆட்களைச் சேர்த்துவைக்கும் என்று அவரிடமே ஏளனமாகச் சொன்னேன். "அது மெஷின் மேடம். நாம கொடுத்ததை வெச்சுத்தானே அது பாக்கும்" என்று தளத்துக்காகப் பரிந்து பேசினார்.

ஷிஃப்ட் மாறினாலும் ஞாயிற்றுக்கிழமை தவறவே மாட்டார். சில வாரம் நேராக வேலையிலிருந்து வருவார், கண் சிவந்திருக்கும். அப்படி வந்தால் தேட மாட்டார். கண் சரியில்லாதபோது பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால் அவளைத் தவறவிட்டுவிடுவோமாம். டீயை மட்டும் குடித்துவிட்டு, எனக்கு ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த மாதிரி ஒரு ஞாயிறன்று நான் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் வாலாஜாபாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பதினோரு பேர். பஜ்ஜி சாப்பிட்டார்கள், இரண்டாவது தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. எங்கள் நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்ததாம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "நாம இன்னாத்துக்கு அவங்கள நெனச்சிகினு" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. நான் யாரிடமும் சொல்லாததை இவரிடம் சொன்னேன்.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பதில் சொல்லாமப் போறது தப்பு மேடம். ரிஜெக்ட்னா ரிஜெக்ட்னு எழுதி அனுப்பணும். பாத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு அது தெரிய வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னை ஒரு செல்போன் பலகையாக வைத்துப் பேசிய அந்த மனிதரை அன்றைக்கு எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், ஆசைப்பட்டேன். திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமை தலைக்குக் குளித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் மட்டும் எனக்குச் சொந்தம். படம் மெதுவாகத்தான் திறக்கும், மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. அதுவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில சமயம் படம் முழுதும் வந்த பிறகும் "வெச்சாச்சு" என்று சொல்லாமல் இருந்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

அவளும் கிடைக்க மாட்டாள், அவரும் வருவதை நிறுத்த மாட்டார் என்று நான் எனக்குள்ளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தினமும் மனசுக்குள் அவளிடம் நான் பேசுவேன். உனக்கு இந்த ஆளுடைய அருமை தெரியுமா, இவர் உன்னை எப்படித் தேடுகிறார் தெரியுமா என்று கேட்பேன். கேட்கும்போது பொறாமையாகவும் இருக்கும், அவளுக்காகப் பாவமாகவும் இருக்கும்.

வார நாட்களில் அவருடைய மெயிலை நான்தான் திறந்து பார்ப்பேன். அவருக்கு வர நேரமில்லை என்பதால் பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாரும் இல்லாத மதிய வேளையில், தளத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. உங்களுக்குப் பொருத்தமான புதிய வரன்கள் என்று அவர்களாகவே அனுப்புவது. மூன்று பெண்கள். அவருடைய ஜாதியே. நட்சத்திரப் பொருத்தம் பத்துக்கு எத்தனை என்றுகூடப் போட்டிருந்தார்கள். இரண்டாவது பெண்ணுக்கு ஏழு. திருவண்ணாமலை மாவட்டம், வயது இருபத்து மூன்று, பிளஸ் டூ. வேலை என்ற இடத்தில், வீட்டில் இருக்கிறார் என்று இருந்தது.

படத்தைத் திறந்தேன். அட்டை இல்லாமல், கை இல்லாமல், முழுதாக. ஸ்டூடியோவில் எடுத்தது இல்லை, வீட்டில் எடுத்தது. பீரோவின் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நிற்கிறாள். கண்ணுக்கு மை. தோள் லேசாகக் குறுகியிருந்தது. பீரோவில் பதித்த கண்ணாடி அவள் இடுப்பு உயரத்தில் முடிகிறது. எல்லா வீட்டுப் பீரோக் கண்ணாடியிலும் இருப்பதுபோல அதன் கீழ்ப்பக்க ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. பெரிதாக்கினேன். பொட்டுகளுக்குக் கீழே, வரிசையாக, சிவப்பாக ஆறு அம்புக்குறிகள்.

வேலை செய்த இடத்திலிருந்து அவற்றைக் கொண்டுபோயிருக்கிறாள். தினமும் முகம் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவர் ஒரு வருஷமாகக் கேட்க நினைத்திருந்த கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

செவ்வாய் முழுவதும் அந்தப் படத்தைத் திறந்து திறந்து மூடினேன். புதன்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் குடியிருந்த தெரு தெரியும், ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸும் தெரியும். வியாழக்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். சனிக்கிழமை தலைக்குக் குளிக்கவில்லை. சொன்னதும் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்காக ஒரு தடவையும் மாறாத முகம். அதை நினைத்தால் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கண் தெளிவாக இருந்தது. "இன்னைக்கி புதுசா எதாச்சும் வந்திருக்கா மேடம்?" என்று வழக்கம்போலக் கேட்டார். மெயிலைப் பற்றி நான் சொல்லவில்லை. நான்கைந்து பெண்களைக் காட்டிய பிறகு, மற்றவர்களைக் காட்டுவது போலவே அவளையும் திறந்தேன். அட்டையைக் கண்ணுக்குக் கீழே வைத்தேன். அட்டைக்குக் கீழே எப்போதும் என் முழங்கை இருக்கும். அன்றும் இருந்தது. பீரோக் கண்ணாடி என் முழங்கைக்குப் பின்னால் இருந்தது. எப்போதும் செய்வதைத்தான் செய்தேன், அவர் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன்.

"வெச்சாச்சு சார்."

கண்ணைத் திறந்தார். ஐந்து விநாடி, பத்து விநாடி. அவருடைய மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். விவரம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"வேலை பாத்ததாவே போடலையே."

பெண்ணைக் கம்பெனி ஹாஸ்டலில் விட்டிருந்தோம் என்று எந்த வீட்டிலும் போட மாட்டார்கள். எனக்கு அது தெரியும். நூறு பேருக்கு அப்படி மறைத்து டைப் அடித்துக் கொடுத்தவள் நான்தான். அதைச் சொல்லவில்லை.

"கண்ணு அப்படித்தான் இருக்கு. மை போட்டிருக்கதால சரியாச் சொல்ல முடியல" என்றார். அவள்தான் என்று உறுதியாகாமல் முழுமுகத்தைப் பார்க்க மாட்டார், அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. விருப்பம் தெரிவிக்க அங்கே ஒரு பட்டன் உண்டு. நெற்றியை மூடியிருந்த கையை எடுத்து மவுஸ் மேல் வைத்திருந்தேன். அவர் அனுப்பச் சொல்லவில்லை. "வேற பொண்ணா இருந்தா? ஒரு இடம் கேட்டு வந்திருக்குன்னு அந்த வீட்டுல சந்தோஷப்பட்டுருவாங்க. அப்புறம் ஆள் மாறிப்போச்சுன்னு எப்படிச் சொல்லுதது?" என்றார். பதில் சொல்லாமல் போன வாலாஜாபாத்துக்காரர்களை அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது. என்னை வைத்துத்தான் அவர் அந்தப் பெண்ணுக்காகப் பயந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். யாரிடமும், எதற்கும், குத்துமதிப்பாக ஒரு வார்த்தை கேட்காத மனிதர்.

"நீங்க முழுசாப் பாத்திருக்கீங்க. உங்களுக்கு என்ன தோணுது மேடம்? அவதானா?"

"தெரியல சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தச் சொல்லை அவரளவுக்கு மதித்தவர்கள் கிடையாது. யாராவது தெரியவில்லை என்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெண்ணின் நம்பரை மட்டும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, வேறு படம் ஏதாவது சேர்த்தாலும் சேர்ப்பார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார்.

அடுத்த வாரமும் படம் மாறவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் நம்பரைப் போட்டால், இந்த வரன் உறுப்பினரால் நீக்கப்பட்டது என்று வந்தது. நிச்சயமானால்தான் அப்படி எடுப்பார்கள். "அவளா இருந்தா நல்ல இடமா அமைஞ்சிருக்கட்டும்" என்றார். அவளில்லை என்றும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியாதே. அதனால் மிச்சமிருந்த பெண்களைப் பார்க்கத் தொடங்கினார். இன்னும் நான்கு மாதம் பார்த்தார். ஞாயிறுதோறும் வந்து, கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அட்டையை வைத்தேன். நான் விரும்பியபடியே எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. அந்த நான்கு மாதம் அவர் முகத்தை ஒரு தடவைகூட என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

காண்டிராக்ட் முடிந்து, புனே பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தார். ஒரு பொட்டலம் காரச்சேவு கொண்டுவந்திருந்தார். நிற்காமல் படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "இந்த ஊருல எனக்காக உண்மையாத் தேடுனது நீங்க ஒருத்தர்தான் மேடம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றேன்.

எனக்குக் கல்யாணம் தரகர் மூலமாக அமைந்தது. மறைமலை நகரில் வீடு. நல்ல மனிதர், எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது என் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. போனிலேயே ஆட்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். இந்த மெஷின்கள் நிஜமாகவே பொருத்தமான ஆளைக் காட்டுமா அம்மா, நீதான் அந்தக் காலத்தில் அந்த வேலை பார்த்தாயே என்று கேட்கிறாள். காட்டும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்து ஒரு தடவை சரியாகக் காட்டியது. ஜாதி, நட்சத்திரம், வயது எல்லாம் பார்த்து, அவர் தேடியவளையே எடுத்து அவருடைய மெயிலில் போட்டது. குறுக்கே கை வைத்தது நான்.

அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியும். ஊர் தெரியும், பிறந்த தேதிகூடத் தெரியும், நான்தானே டைப் அடித்தேன். இன்றைக்கு இருக்கிற வசதிக்கு ஐந்து நிமிடம் தேடினால் கிடைத்துவிடுவார். பலமுறை பெயரைப் பாதிவரை எழுதியிருக்கிறேன். கிடைத்தால் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதனால் அழித்துவிடுகிறேன்.